பயண ஃப்ளை ராடின் மூட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘பூண்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

பயணத்துக்கான ஃப்ளை ராட் (செயற்கை ஈயை வீசி மீன்பிடிக்கும் தூண்டில் கோல்) கட்டும் குறிப்பைத் தமிழில் தொகுக்கும்போது முதலில் இடறுவது ‘ஃபெரூல்’, அதாவது ராடின் துண்டுகளை இணைக்கும் மூட்டு. அகராதியில் ‘பூண்’ இருக்கிறது. உலக்கைப் பூண், கைத்தடிப் பூண் என்று வழக்கிலும் இருக்கிறது. 9 அடி ராடை (274 செ.மீ.) நான்கு துண்டாக்கினால், மூட்டில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அளவையும் சேர்த்து, துண்டு ஒன்று சுமார் 73 செ.மீ. வரும். ஆறு துண்டென்றால் 50 செ.மீ. ஆகவே 55 செ.மீ. பையில் ஆறு துண்டு ராட்தான் அடங்கும். அதில் ஐந்து மூட்டு என்பதால் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். ‘பூண்’ என்றே முடித்துவிடலாமா?

– நாகர்கோவில்

*

அண்ணாச்சி, பூண் நல்ல சொல். ஆனால் மூட்டுக்கு அதை வைக்க வேண்டாம்.

மூங்கில் ராடின் துண்டுகளில் உலோகக் குழல் மாட்டுவார்கள். அங்கே பூண் பொருந்தும். இன்றைய கார்பன் ராடின் மூட்டில் உலோகமே கிடையாது. அதிலும் இரண்டு வகை. ஒன்றில், மேல்துண்டின் அடிப்பக்கம் கீழ்த்துண்டின் நுனிமேல் உறையாக இறங்கும். மற்றதில், கீழ்த்துண்டின் நுனிக்குள் ஒரு கார்பன் முளையை ஒட்டி, வெளியே நீளும் பாதியை மேல்துண்டுக்குள் செருகுவோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ‘பூண் போச்சு’ என்று ஒருவர் எழுதும்போது எது போனதென்று விளங்காது. முதல் வகையில் பெரும்பாலும் பிளப்பது மேல்துண்டின் விளிம்பு. இரண்டாவதில் பசை விட்டு முளை ஆடும். வைத்தியம் வேறு வேறு.

ஆகவே பொதுச்சொல் ‘செருகுமூட்டு’. அதில் ‘உறைமூட்டு’, ‘முளைமூட்டு’ என இரண்டு வகை. ஏற்கும் பக்கம் ‘வாய்’, உள்ளே போவது ‘நாக்கு’.

பூணுக்கும் வேலை இருக்கிறது. வாயின் விளிம்பில் நூல் சுற்றி எப்பாக்சி பிசின் பூசுகிறோம் அல்லவா? பிளக்கவிடாமல் பிடிப்பதுதான் அந்தச் சுற்றின் வேலை, உலக்கையில் பூண் செய்வதும் அதையேதான். அதை ‘நூற்பூண்’ என்போம். ‘ஏ’ அளவு நைலான் நூலை விளிம்பை ஒட்டித் தொடங்கி, இழைக்கு இழை இடைவெளி தெரியாமல் 15 மி.மீ. சுற்ற வேண்டும், தடித்த அடிமூட்டுக்கு 20 மி.மீ. எப்பாக்சியை மெல்லிய பூச்சாக இருமுறை கொடுத்து, இறுகும்வரை ராடை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வாய்க்குள் வழியக்கூடாது. வழிந்தது காய்ந்தால் நாக்கு முழுதாக இறங்காது. அதைச் சுரண்டி எடுக்கப்போனால் இறுக்கமே கெட்டுவிடும்.

முழுதாக இறங்காத மூட்டு வீச வீசத் தளரும். தளர்ந்த பிறகு வளைவின் விசை முழுவதும் விளிம்பில் வந்து நிற்கும், வாய் நீளவாக்கில் பிளக்கும். நாக்கில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, தூண்டில் கயிறு (லைன்) ஓடும் வளையங்களைக் கால் திருகு விலக்கிப் பிடித்து, அழுத்திக்கொண்டே நேர்க்கோட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். கழற்றும்போது அதே திருகை எதிர்ப்பக்கம். வளையத்தைப் பிடித்துத் திருகவே கூடாது.

– தக்கலை

*

தம்பி பிரித்துச் சொன்னது சரி. முளைக்குப் பதிலாக ‘குடுமி’ வைக்கலாமே? பழைய வீட்டுக் கதவில் எல்லாரும் பார்த்த சொல்தானே.

இன்னொன்று. முளைமூட்டைச் சரியாக இறுக்கியபின்னும் இரு துண்டுகளுக்கு இடையே 3 முதல் 6 மி.மீ. வரை முளை தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதைக் குறையென்று நினைத்து, இடைவெளி மூடும்வரை முளையை உப்புத்தாளால் தேய்த்துவிடுகிறார்கள். அதற்கொரு பெயர் இருந்தால் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள்.

முட்டம், மணக்குடிக் கடற்கரைப் பக்கம் வீசுகிறவர்களுக்காக ஒரு வரியும் சேருங்கள்: மூட்டில் மணல் ஏறினால் கார்பனைக் கீறும். உப்பு காய்ந்தால் மூட்டு சிக்கிக்கொள்ளும். அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துண்டுகளைத் தனித்தனியே உலர்த்திய பிறகே உறையில் போட வேண்டும்.

– குளச்சல்

*

குடுமி வேண்டாம் அண்ணாச்சி. கதவு சுழல்வதற்காக வைத்தது அது. இங்கே மூட்டு சுழன்றால் வளையங்கள் கோணி, லைன் உரசும். முளையே இருக்கட்டும்.

இடைவெளிக்குத் ‘தேய்விடம்’ என்பது என் யோசனை. பயன்படுத்தப் பயன்படுத்த முளை தேய்ந்து மேல்துண்டு இன்னும் கீழே இறங்கும். அதற்காக விட்டுவைத்த இடம். இடைவெளி மூடி இரு துண்டும் முட்டிக்கொண்டால் அதற்குமேல் இறுக்கம் கிடைக்காது, முளையை மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு துண்டு ராடை அறுத்து ஆறாக்க நினைப்பவர்களுக்கு முளைமூட்டே வழி. அறுக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, ஈரம் வைத்து, வைரத்தூள் டிஸ்கால் அறுக்கவும். ஹேக்ஸா பிளேடு இழைகளைப் பிய்க்கும். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். உடைந்த ராடின் துண்டில் சரிவு (நுனி நோக்கித் தடிமன் குறையும் விதம்) ஒத்துவரும் பகுதியை முளையாக எடுத்து, 600 நம்பர் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்தவும். தேய்ப்பது முளையை மட்டுமே, ராடின் சுவரை அல்ல. செருகும் ஆழம், மூட்டின் விட்டத்தைப்போல் ஏழெட்டு மடங்கு: 8 மி.மீ. மூட்டுக்கு ஏறத்தாழ 6 செ.மீ. ஒட்டும் பக்கமும் அதே அளவு இருக்கட்டும். ஸ்பிரிட்டால் துடைத்தபின், 24 மணி நேரத்தில் இறுகும் அரல்டைட் பசை போட வேண்டும். ஐந்து நிமிடப் பசை வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயே இளகிவிடும்.

‘தேய்விட’த்துக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மற்ற சொற்களைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

– தக்கலை