புதுப்பிப்பு: மில்லுக்கு சோலார் மட்டும் போதுமா?

பல்லடம் பக்கம் எங்கள் நூற்பாலைக்கு குரூப் கேப்டிவ் முறையில் (பல ஆலைகள் ஒரு மின்நிலையத்தில் பங்கு போட்டு, அதன் மின்சாரத்தைத் தாங்களே பயன்படுத்துவது) சோலார் மின்சாரம் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவெடுத்துவிட்டோம்: சோலார் மட்டும் வேண்டாம், காற்றாலை மின்சாரமும் சேர்த்து.

காரணம், உங்களில் ஒருவர் சொன்னபடி ஓராண்டு மீட்டர் கணக்கை 15 நிமிட வாரியாக எடுத்துப் பார்த்ததுதான். மில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. உயரழுத்த இணைப்புக்கு மாலை 6 முதல் 10 மணி வரை யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல். அந்த நேரத்தில் சோலார் கைகொடுக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை இரவிலும் வீசும். யூனிட் விலை குறைவு என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் மாட்டியிருப்போம்.

அப்புறம், 2005 மின்சார விதிகளை அவசியம் படியுங்கள். பயனாளர்கள் எல்லோரும் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் உற்பத்தியில் 51 சதவீதமாவது பயன்படுத்த வேண்டும். பெரிய கூட்டாளி ஒருவர் ஆலையை மூடினால் கேப்டிவ் தகுதியே ஆட்டம் காணலாம். தகுதி போனால், வெளியாரிடம் வாங்கும் மின்சாரத்துக்கு மின்வாரியம் வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் தலையில் விழும். அதை யார் ஏற்பது என்று எழுதி வாங்கவே ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது.

முழுத் தேவைக்கும் ஒப்பந்தம் போடவில்லை. ஆர்டர் குறையும் மாதத்திலும் செலவாகும் அளவுக்கு மட்டும், மீதி மின்வாரியத்திடமிருந்தே. கூரை சோலார் அடுத்த ஆண்டு, ஷெட் தகடுகளை மாற்றிய பிறகு.