கிரைண்டர் போட்டாலே ஆர்சிசிபி விழுகிறது, புது ஷெட்டுக்கு சர்க்யூட் எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
வணக்கம்ங்க. கோவை குறிச்சி சிட்கோ பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை. த்ரீ ஃபேஸ் சர்வீஸ். மொத்த ஷெட்டுக்கும் ஒரே 4 போல் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டித்து 'விழும்' ஸ்விட்ச்), 63 ஆம்பியர், கசிவு அளவு 30 மில்லி ஆம்பியர். 7 இன்ச் கிரைண்டரை எந்த பிளக்கில் போட்டாலும் அது விழுகிறது. வேறு கிரைண்டர் மாற்றியும் அதேதான். இரண்டு ஃபேஸ் வெல்டிங் மெஷின் மட்டும் ஓடினால் விழுவதில்லை. 100 மில்லி ஆம்பியர் போட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். பக்கத்தில் 80க்கு 40 அடியில் இன்னொரு ஷெட் வருகிறது, அதற்கும் யோசனை வேண்டும்.

பதில் 1:
ஸ்டார்ட்டிங் கரண்ட் அதிகமா இருக்கும். சி டைப் எம்சிபி (ஸ்டார்ட்டிங் கரண்டைத் தாங்கும், ஓவர்லோடுக்கு விழும் பிரேக்கர்) போட்டுப் பாருங்க.

பதில் 2:
ஸ்டார்ட்டிங் கரண்டுக்கு எம்சிபிதான் விழும், ஆர்சிசிபி விழாது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாதபோதுதான் அது விழும்.

100க்கு மட்டும் மாற்றாதீங்க, தயவுசெய்து. கையில் பிடித்து வேலை செய்கிற மெஷினுக்கு 30 இருந்தால்தான் ஆள் பிழைப்பார்.

உங்கள் கிரைண்டர் வயரில் எர்த்தே இருக்காது, பெரும்பாலும் டபுள் இன்சுலேஷன் (இரட்டைக் காப்பு). அதிலிருந்து லீக்கேஜ் வர வழி குறைவு. வெல்டிங் மெஷின் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஓடுவதால் நியூட்ரலில் கரண்ட் போகாது. கிரைண்டர் ஓடினால் 10 ஆம்பியர் நியூட்ரலில் போகும். ஆகவே எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்புகிறது என்பது என் கணிப்பு. மெயினை அணைத்து, ஆர்சிசிபிக்குப் பின்னால் நியூட்ரல் வயர்களை அவை சேரும் பாரிலிருந்து (செம்புப் பட்டை) கழற்றி, ஒவ்வொன்றும் எர்த்தோடு தொடர்பு காட்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்க. பிளக்குகள் எல்லாம் உருவியிருக்கட்டும்.

கேட்டவர்:
கிடைத்ததுங்க சார்! கம்ப்ரசர் பக்கச் சுவரில் ஒரு பிளக் பாக்ஸ். பின்னால் நியூட்ரல் நசுங்கி இரும்புப் பெட்டியைத் தொட்டிருந்தது. சரிசெய்ததும் 7 இன்ச் ஓடுகிறது. இனி புது ஷெட்?

பதில் 2:
ஒரே ஆர்சிசிபியை நம்பாதீங்க. இன்வெர்ட்டர் வெல்டிங் செட் ஒவ்வொன்றும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேலேயே விழலாம், நாலு செட் சேர்ந்தால் போதும். மெயினில் 300 மில்லி ஆம்பியர் எஸ் டைப் (சற்றுத் தாமதித்து விழும் ஆர்சிசிபி), அதற்குக் கீழே இரண்டு மூன்று தூணுக்கு ஒரு 30 என்று பிரியுங்க. ஒரு பக்கம் விழுந்தால் மற்ற பக்கம் வேலை நிற்காது. வெல்டிங்குக்குத் தனி சர்க்யூட். சிங்கிள் ஃபேஸுக்கு நீலம், த்ரீ ஃபேஸுக்குச் சிவப்பு இண்டஸ்ட்ரியல் சாக்கெட். தூணுக்குத் தூண் சாக்கெட் இருந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கிற பழக்கமே குறையும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷனில் லோடு போட்டால் உள்ளே சூடேறி உருகும்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். வெல்டிங் எர்த் கிளாம்பை ஷெட் தூணில் மாட்ட விடாதீங்க. வெல்டிங் கரண்ட் தூண் வழியாக வழி தேடி, மற்ற மெஷின்களின் எர்த் வயரில் ஏறி அதை எரித்துவிடும். எரிந்தது யாருக்கும் தெரியாது. கிளாம்ப் வெல்டிங் செய்கிற பொருளிலேயே, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

கேட்டவர்:
எங்கள் பசங்க தூணில்தான் மாட்டுகிறார்கள். நாளைக்கே எல்லா எர்த்தையும் செக் பண்ணச் சொல்கிறேன். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை எப்போது அழுத்திப் பார்க்கணும்?

பதில் 2:
மாதம் ஒருமுறை, காலையில் வேலை தொடங்கும் முன். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்க.