கேபிளா, கர்னலா? தூங்கி எழுந்தும் கறுப்பாகவே நிற்கும் மானிட்டர்

கர்னல்காவலன்:
நேற்று செப்புக்கம்பி ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "தூங்கி எழுந்த லினக்ஸ் கணினியில் மானிட்டர் கறுப்பாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள், பத்தில் ஒன்பது முறை அதுதான்." எங்கே எண்ணினார் அந்த ஒன்பதை? கேள்வி கேட்ட இளங்குருத்துவிடம் இரண்டு மானிட்டர்கள். ஹெச்டிஎம்ஐயில் இருப்பது எழுகிறது, டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் இருப்பது எழவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போய்த் திரும்பினால் படம் வந்துவிடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். பழுதான கேபிள் மூன்று விசைகளை அழுத்தினால் குணமாகுமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செப்புக்கம்பி:
குணமாகாது, ஆனால் படம் வரும். முனையம் மாறும்போது லினக்ஸின் மையமான கர்னல் மோட்செட் செய்கிறது, அதாவது திரையின் அமைப்பைப் புதிதாகப் போடுகிறது. மோட்செட் நடந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டில் லிங்க் டிரெய்னிங் மறுபடி நடக்கும். அதாவது எந்த வேகத்தில், எத்தனை தடங்களில் தரவு போகும் என்பதை கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் புதிதாகப் பேசி முடிவு செய்யும். பலவீனமான கேபிளில் அது முதல் முறை தோற்று, இரண்டாம் முறை ஜெயிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் எஃப்3 எதையும் நிரூபிக்கவில்லை.

கர்னல்காவலன்:
"மோட்செட் நடந்தால்" என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த "நடந்தால்"தான் விஷயம். அமைப்பில் மாற்றம் இல்லை என்று கர்னல் நினைத்தால் முழு மோட்செட் செய்யாது. டிரெய்னிங் தோற்றிருந்தால் அந்த இணைப்பின் லிங்க்-ஸ்டேட்டஸ் "பேட்" என்று குறிக்கப்பட்டு, மறுபடி மோட்செட் செய்யச் சொல்லி டெஸ்க்டாப்புக்குச் செய்தி போகும். கர்னல் பதிவிலும் தடயம் இருக்கும். இளங்குருத்து போட்ட டிமெசேஜில், அதாவது அந்தப் பதிவில், டிரெய்னிங் பற்றி ஒரு வரி உண்டா? இல்லை. எஃப்3 அழுத்தினால் படம் வருகிறது. கேபிள் நிரபராதி.

பழையமுனையம்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். "தூக்கம்" என்று எதைச் சொல்கிறோம்? திரை மட்டும் அணைவது ஒன்று. அது டிபிஎம்எஸ், கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கணினியே சஸ்பெண்ட் ஆவது இன்னொன்று. அதிலும் நினைவகம் தவிர பெரும்பாலானவற்றை அணைக்கும் டீப் என்பது வேறு, லேசான தூக்கமான எஸ்2ஐடில் என்பது வேறு. பவர் அடைவில் உள்ள மெம்-ஸ்லீப் கோப்பைத் திறந்தால் எது நடப்பில் இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் காட்டும். எதில் பிரச்சினை என்று தெரியாமல்...

கர்னல்காவலன்:
அதெல்லாம் அப்புறம். எஃப்3 கேள்விக்குப் பதில் வரட்டும்.

செப்புக்கம்பி:
பதில் சொல்லியாகிவிட்டது. உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்கிறேன். டிஸ்ப்ளேபோர்ட்டில் 20 ஊசிகள். 20ஆவது ஊசி மின்சாரத்துக்கானது; தரத்தின்படி சாதாரண கேபிளில் அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக் கூடாது. மட்டமான கேபிள்களில் போகிறது. மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குள் திரும்பி ஏறி, கணினி கிளம்பவே தகராறு செய்யும். இதை அறியாதவர்கள் கேபிளைப் பற்றிப் பேச வேண்டாம்.

கர்னல்காவலன்:
20ஆவது ஊசி எனக்குத் தெரியும் தம்பி. கேட்டது அதுவா? இவர் கணினி ஒழுங்காகக் கிளம்புகிறது. தூங்கி எழும்போது மட்டும்தான் கறுப்பு.

செப்புக்கம்பி:
"தம்பி" யார்? என் வயது உங்களுக்குத் தெரியுமா? போன மாதம் ஒலி அட்டை விவாதத்திலும் இப்படித்தான் தோற்கப்போகிற நேரத்தில் "தம்பி" வந்தது.

கர்னல்காவலன்:
ஒலி அட்டை விவாதத்தில் தோற்றது யார் என்பது படித்த எல்லோருக்கும் தெரியும்.

அலைமகள்:
திரையில் ஜன்னல்களைக் காட்ட எக்ஸ்11 என்ற பழைய முறையைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டு, புதிய முறையான வேலண்டுக்கு வாருங்கள். என் கணினியில் மூன்று மானிட்டர்கள், ஒரு நாளும் கறுப்பு இல்லை.

பழையமுனையம்:
அவர் வேலண்டில்தான் இருக்கிறார் அம்மா. அதனால்தான் நான் சொல்ல வந்த, எக்ஸ்11இல் திரையை அணைத்து எழுப்பும் எக்ஸ்செட் கட்டளை அவருக்குப் பயன்படாது. அங்கே திரையை அணைப்பதும் எழுப்புவதும் கம்போசிட்டரின், அதாவது ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரலின், வேலை.

அலைமகள்:
அப்படியானால் அவருடைய கம்போசிட்டர் பழசு. வேலண்டைக் குறை சொல்ல வேண்டாம்.

கர்னல்காவலன்:
யாரும் வேலண்டைக் குறை சொல்லவில்லை! நான் 14 வருடமாக லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வேலை செய்கிறேன். மூலநிரல் வெளியிடப்படாத மூடிய டிரைவர் ஒன்று சஸ்பெண்டின்போது வீடியோ நினைவகத்தை முழுதாகச் சேமிக்காமல், எழுந்ததும் கறுப்புத் திரையோடு நின்றதை வாரக்கணக்கில் துரத்தியவன் நான். அந்த டிரைவர் மாட்யூலுக்கு ஒரே ஒரு விருப்பத்தை மாற்றி, சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளை இயக்கிவிட்டதும் தீர்ந்தது. அதற்கு முன்னால் இரண்டு கேபிள்கள் வாங்கியிருந்தேன், செப்புக்கம்பியைப் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டு. அந்த இரண்டும் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன. என் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. கேபிளை மாற்று என்பது யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில். கேட்பவர் பணம் செலவழித்து, பலன் இல்லாமல், லினக்ஸே வேண்டாம் என்று போய்விடுகிறார்.

இளங்குருத்து:
வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். இரண்டு விஷயங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். அரை மணி நேரம் தூங்கவைத்து எழுப்பினால் இரண்டு மானிட்டர்களும் எழுகின்றன. இரவு முழுக்கத் தூங்கினால்தான் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் கறுப்பு. அப்போது அதிலிருந்த ஜன்னல்கள் எல்லாம் ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்கு ஓடிவந்துவிடுகின்றன. இது முக்கியமா?

பழையமுனையம்:
மிக முக்கியம்! ஜன்னல்கள் இடம் மாறினால், அந்த மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று டெஸ்க்டாப் நம்பியிருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்டின் 18ஆவது ஊசி, மானிட்டர் மாட்டியிருக்கிறது என்று சொல்லும் ஹாட்பிளக் சமிக்ஞை. அது 2 மில்லி செகண்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் கழற்றியதாகவே கணக்கு. சில மானிட்டர்கள் வெகுநேரம் சும்மா இருந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் இந்தச் சமிக்ஞையையே கைவிட்டுவிடும். மானிட்டரின் சொந்த மெனுவில் "டீப் ஸ்லீப்" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். கறுப்பாக இருக்கும்போது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், கர்னலின் திரைப் பகுதியான டிஆர்எம் அடைவில் அந்த இணைப்பின் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். "டிஸ்கனெக்டட்" என்று இருந்தால் அதே கோப்பில் "டிடெக்ட்" என்று எழுதுங்கள். கர்னல் மறுபடி தேடிப் பார்க்கும். எஃப்3 அழுத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், அழுத்திவிட்டால் தடயம் போய்விடும்.

செப்புக்கம்பி:
18ஆவது ஊசி எதன் வழியாகப் போகிறது? காற்றிலா? கேபிளின் வழியாகத்தானே! இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

கர்னல்காவலன்:
பழுதான ஊசி அரை மணி நேரத்தில் நன்றாக இருந்து, எட்டு மணி நேரத்தில் மட்டும் கெட்டுப்போகுமா? தூங்கும் மானிட்டர் 1 மில்லி செகண்டுக்குள் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று டிஸ்ப்ளேபோர்ட் 1.1 தரத்திலேயே இருக்கிறது. இந்த மானிட்டர் தாமதிக்கலாம். அப்படித் தாமதித்தால் மறுபடி முயல்வது டிரைவரின் பொறுப்பு. ஆகவே மென்பொருள்தான்.

செப்புக்கம்பி:
மானிட்டர் தாமதித்தாலும் மென்பொருள்தான் குற்றவாளியா? எப்படியாவது மென்பொருள் என்று முடிக்க வேண்டும் உங்களுக்கு.

கர்னல்காவலன்:
எப்படியாவது கேபிள் என்று முடிக்க வேண்டும் உங்களுக்கு. எஃப்3 அழுத்தினால் படம் வருகிறது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வருகிறது.

அலைமகள்:
ஹெச்டிஎம்ஐ மானிட்டர் ஒழுங்காக எழுகிறதே, இரண்டையும் ஹெச்டிஎம்ஐயிலேயே போட்டுவிட்டால் என்ன?

கர்னல்காவலன்:
அது தீர்வு அல்ல, தப்பித்தல். பழுதைக் கண்டுபிடிக்கத்தான் இங்கே இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

பழையமுனையம்:
சோதிப்பதற்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டிசி-வேக் கட்டளையில் இத்தனை நொடி என்று கொடுத்தால் கணினி தூங்கித் தானாக எழும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் மானிட்டர் விட்டுவிடுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், தயவுசெய்து.

இளங்குருத்து:
நன்றி ஐயா. நேற்று இரவு மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை அணைத்தேன். இன்று காலை இரண்டும் எழுந்துவிட்டன! ஆனால் மெனு பொத்தான் பின்பக்கம் இருப்பதால் மானிட்டரைத் திருப்ப கேபிளைக் கழற்றி மாட்டினேன். தூங்கவைப்பதற்கு முன் கர்னல் அப்டேட்டும் வந்தது, அதையும் போட்டு ரீபூட் செய்துவிட்டேன்.

செப்புக்கம்பி:
கழற்றி மாட்டினீர்கள் அல்லவா? இணைப்பு தளர்ந்திருந்தது. இறுக்கமாக உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்?

கர்னல்காவலன்:
புதிய கர்னல் போட்டிருக்கிறார், அது உங்கள் கண்ணில் படவில்லையா?

பழையமுனையம்:
டீப் ஸ்லீப்பை மறுபடி இயக்கிவிட்டு ஒரே ஒரு இரவு பாருங்கள் தம்பி, தெரிந்துவிடும்.

இளங்குருத்து:
மன்னிக்கவும் ஐயா, வேலை செய்கிறதை நான் இனிமேல் தொடப் போவதில்லை.

செப்புக்கம்பி:
நல்ல முடிவு. கேபிளை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்னல்காவலன்:
கேபிளாம்! அன்றைக்கு அதே கேபிளை யாரும் தொடாமலே எஃப்3 அழுத்தியபோது படம் வந்ததா, இல்லையா? முதல் பதிவில் கேட்டது. இன்னும் நேரான பதில் இல்லை.