தோள் கழன்று ஆபரேஷன் பண்ணியவர்களுக்குப் பின்னால் தேய்மானம் வந்ததா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பள்ளத்தூரான்:
கபடியில் கழன்ற தோள், 1991இல் மதுரையில் திறந்து பண்ணியது. முன்பக்கத் தசையை இழுத்து மடித்துத் தைக்கிற புட்டி-பிளாட் முறை, பழைய ஆட்களுக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு தடவைகூடக் கழன்றதில்லை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் நேராக நிற்கும், அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். போன முகூர்த்தத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும்போது உள்ளே கரகரவென்று அரைபட்டுக் கை அப்படியே கீழே வந்துவிட்டது. காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் பந்து எலும்பின் அடியைத் தொட்டார். அங்கே எலும்பு கீழ்நோக்கி வளர்ந்து தொங்குகிறது. "இதுக்கு ஆட்டுத்தாடின்னே பேரு சார்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் இறுக்கம் அதிகமானால் பந்து பின்பக்கமாகத் தள்ளப்பட்டுத் தேயுமாம். இதை அன்றைக்கே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மஞ்சுவிரட்டுப் பய:
அண்ணே, நான் ஆபரேஷனே பண்ணலை, எனக்கும் தேய்மானம்தான். சிராவயல் பொட்டலில் மாடு உதறியதில் கழன்றது. ஊர்க்காரர் ஒருத்தர் என்னைத் தரையில் படுக்கப்போட்டு, அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுத்தார். டொக்கென்று உட்கார்ந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. வலி போன சந்தோஷத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் சட்டை கழற்றும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, தூக்கத்தில் என்று கழன்றுகொண்டே இருந்தது. இப்போது கழல்வதில்லை. மூட்டு இறுகிவிட்டது, ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியாது.

தேவகோட்டை ரஸ்தா:
பள்ளத்தூர் அண்ணன் தையல் மேலேயே பழியைப் போடுகிறார், அதை ஒத்துக்கொள்ள முடியாது. ஸ்வீடனில் முதல் தடவை தோள் கழன்ற இளவட்டங்களை 25 வருஷம் விடாமல் பின்தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூட்டு சுத்தமாக இருந்தது 44 சதவீதம் பேருக்குத்தான். கடுமையான தேய்மானம் 17 சதவீதம். மறுபடி ஒரு தடவைகூடக் கழலாதவர்களிலும் தேய்ந்தவர்கள் உண்டு. முதல் நாள் பந்து வெளியே வரும்போதே குருத்தெலும்பு அடி வாங்கிவிடுகிறது என்றுதான் இதிலிருந்து எனக்குப் படுகிறது. ஆபரேஷன் கழல்வதை நிறுத்தும், பட்ட அடியை அழிக்காது.

எனக்கு லாட்டர்ஜே. அதாவது தோளின் முன்பக்க எலும்புத் துண்டை வெட்டிக் குழியின் விளிம்பில் ஸ்க்ரூ போட்டு வைப்பது. அந்தத் துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டால் பந்து அதில் உரசித் தேயும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், இதுவரை நல்லபடியாக இருக்கிறது. என் கதை இவ்வளவுதான்.

மஞ்சுவிரட்டுத் தம்பிக்கு ஒன்று சொல்லணும். இனி யாருக்குக் கழன்றாலும் குதிகால் வைத்தியம் வேண்டாம். எலும்பு உடைந்திருந்தால் இழுக்கிற இழுப்பில் இன்னும் மோசமாகும், அக்குள் பக்கம் நரம்பும் ஓடுகிறது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைக்கச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர் என்றால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லணும், அந்த வயசில் அது அதிகம். இருபதுக்குள் இருக்கிற பையன் என்றால் மறுபடி கழல்கிற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால் "வலி போச்சே" என்று விட்டுவிடக் கூடாது. தோள்பட்டைக்கும் முதுகுப் பட்டை எலும்புக்கும் பிசியோ பயிற்சியை மாதக்கணக்கில் செய்யணும். ஊசி போட்டால் வலி கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்தது திரும்பாது. அப்புறம் எண்ணெய் போட்டு முறுக்கித் திருப்பி நீவுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள்.

பள்ளத்தூரான்:
தம்பி, கணக்கெல்லாம் சரி. அந்த 44இல் என் தோள் இருந்திருக்குமா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கை வெளியே திரும்பாமல் போனது தையலால்தான், அதற்கு ஸ்வீடன் வரை போக வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
சண்டை போடாதீங்கப்பா. என் வீட்டுக்காரருக்கும் இதேதான், இளவயசில் கழன்றது. இப்போது பட்டாலையில் உட்கார்ந்து துண்டை எடுத்துத் தோளில் போடக்கூட இடது கையால்தான். மூட்டு மாற்றச் சொல்கிறார்கள், அறுபதாங்கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். பழைய ஆபரேஷன் பண்ணின தோளில் மூட்டு மாற்றினவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கை தலைக்கு மேலே தூக்க வருகிறதா?

மஞ்சுவிரட்டுப் பய:
ஆச்சி, எங்க மாமனாருக்குப் பண்ணியிருக்கிறது. தலை சீவிக்கொள்கிறார், வலி இல்லை. ஆனால் அவருக்குத் தோள் கழன்றதே கிடையாது, வயசுத் தேய்மானம். பழைய தையல் இருக்கிற தோள் வேற கணக்கு என்பார்கள், டாக்டரிடம் அந்தப் பழைய சீட்டையும் காட்டிக் கேளுங்கள்.