கூரை ஸ்னோவை ரேக்கால் இழுப்பது பற்றி ஒரு உதவி

வணக்கம். ஒட்டாவாவில் எங்கள் வீட்டுக் கூரையில் ஸ்னோ கனமாக ஏறி நிற்கிறது, விளிம்பில் ஐஸும் கட்டத் தொடங்கிவிட்டது. வீட்டுச் சூட்டில் மேலே உருகும் தண்ணீர் குளிர்ந்த விளிம்பில் உறைந்து, பின்னால் தேங்கி, கூரையில் ஓடு மாதிரிப் பதித்திருக்கும் ஷிங்கிளுக்கு அடியால் உள்ளே இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பக்கத்து அறையில்தான் அம்மா படுக்கிறார்.

கூரை ஸ்னோவை இழுத்துத் தள்ளும் ரூஃப் ரேக் ஒன்று, அலுமினியக் கம்புள்ளது, வாங்கியிருக்கிறேன். ஏணி வேண்டாம், தரையில் நின்றே இழுக்கலாம். ஆனால் ஒரு மூலையில் கரண்ட் வயர் கூரையை ஒட்டிப் போகிறது. அந்தப் பக்கத்துக்கு ஆள் பிடிப்பதுதான் சரியா? அப்புறம், ஷிங்கிள் பழையது. சக்கரம் வைத்த ரேக் சுரண்டாதா? விளிம்பிலிருந்து 3, 4 அடி இழுத்தால் போதுமா? செய்து பழகிய அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள். நாளை மறுபடி கொட்டுமாம்.