தக்காளில பூ பூராவும் கொட்டுது, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. எங்களுக்கு பாலக்கோடு பக்கம். 40 சென்ட்ல ஹைப்ரிட் தக்காளி, பிப்ரவரி கடைசில நட்டது, சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட் (மண்ண மூடுற பிளாஸ்டிக் விரிப்பு) ரெண்டும் இருக்கு. செடி இடுப்பு உயரம் நல்லா பச்சையா நிக்குது, பூவும் கொத்து கொத்தா வருது, ஆனா ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல இருந்து காம்புல அந்த முட்டி இருக்குல்ல அது மஞ்சளாகி பூ அப்படியே உதிருது. தப்பிச்சு நிக்கிற காயும் கோலிகுண்டு சைஸ்தான், அறுத்து பாத்தா உள்ள விதையே இல்ல.

பகல்ல 38, 39 டிகிரி போகுது. முன்னாடி எல்லாம் ராத்திரி கொஞ்சமாச்சும் குளிரும், இந்த வருஷம் விடிகாலைலயும் புழுக்கம்தான். ராத்திரி சூடு குறையலன்னா மகரந்தம் கெட்டுப் போயிடும்னு படிச்சேன், அதான் காரணம்னு தோணுது. இலைப்பேன், வெள்ளை ஈ தேடிப் பாத்தாச்சு, பூச்சி ஒட்டுறதுக்கு வச்ச மஞ்சள் அட்டைலயும் பெருசா ஒண்ணும் ஒட்டல.

போரான் நுண்ணூட்டம் லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் கணக்குல ரெண்டு தடவ அடிச்சேன், பூ கொட்டாம இருக்க என்ஏஏங்கிற வளர்ச்சி ஊக்கி மருந்து ஒரு தடவ, தண்ணிய காலைல பாதி சாயங்காலம் பாதின்னு பிரிச்சு விட்டேன், யூரியாவ சுத்தமா நிறுத்திட்டேன். எதுவும் கேக்கல. அம்மா தினமும் காலைல போய் கீழ கிடக்கிற பூவ பாத்துட்டு பேசாம வந்துடுறாங்க, அதான் தாங்க முடியல.

கைல இருக்கிற காசுக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும். இந்த நிலைமைல 35 சதவீத நிழல்வலை (வெயில்ல அவ்வளவு பங்க தடுக்கிற வலை) மேல கட்டினா இதே செடில இனி வர்ற பூவாச்சும் காய் பிடிக்குமா? கோடைல கட்டி பாத்தவங்க சொல்லுங்க.