பள்ளி பூட்டியிருக்கும்போது ஓடும் மீட்டர்: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதமாகக் காலை 9 மணிக்கும் மாலை 4.30 மணிக்கும் கரண்ட் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிக்கிறார்கள். திரை மாறிக்கொண்டே இருப்பதால் முதல் வாரம் வோல்டேஜை யூனிட் என்று எழுதிவிட்டார்கள். இப்போது யூனிட்டைக் காட்டும் kWh (கிலோவாட்-மணி) திரையில் வரும்வரை பொறுமையாக நிற்கிறார்கள்.

குழப்பம் இரவுக் கணக்கில்தான். பூட்டிவிட்டுப் போன பிறகும் மறுநாள் காலை 9 மணிக்குள் 10 யூனிட் ஏறுகிறது. “சார், யாருமே இல்லாதப்ப யாரு கரண்ட் எடுக்கறாங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபின் நின்று எண்ணினேன். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது; அதாவது, அதிலுள்ள சிவப்பு விளக்கு 1600 முறை மின்னினால் ஒரு யூனிட். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 16 முறை மின்னியது. மணிக்கு 0.6 யூனிட், பதினாறரை மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட அதே 10. ஆக, குறித்ததில் தப்பில்லை.

கம்ப்யூட்டர் அறை யூபிஎஸ், வாட்டர் கூலர், கேமரா மூன்றின் மேலும் சந்தேகம். போர்டில் எந்த எம்சிபி (ஒவ்வொரு லைனையும் அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொன்றாக அணைத்து விளக்கு மின்னுவதை எண்ணலாமா, கிளாம்ப் மீட்டர்தான் (வயரைச் சுற்றிப் பிடித்து அதில் ஓடும் கரண்டை அளக்கும் கருவி) சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் பள்ளியின் இரவு யூனிட்டும் தெரிந்தால் ஒப்பிட உதவும்.